10 பதிவுக்கு ஒரு நடை: சர்வரை கிளவுடுக்கு மாற்றியதும் ரிப்போர்ட் ஏன் மெதுவாகிறது? 'ஃபெட்ச் சைஸ்', 'பிளாக் சைஸ்' என்றால் என்ன?

ஆபீஸுக்குள் இருந்த டேட்டாபேஸ் சர்வரை கிளவுடுக்கு மாற்றுகிறார்கள். புது சர்வரில் புராசசரும் அதிகம், மெமரியும் அதிகம். ஆனால் நேற்று வரை சில விநாடிகளில் வந்துகொண்டிருந்த மாதாந்திர ரிப்போர்ட், இன்று 4 நிமிடம் ஆகியும் வரவில்லை. 'நெட் ஸ்லோவா இருக்கு' என்று 100 எம்பிபிஎஸ் லைனை 300 எம்பிபிஎஸ் ஆக்குகிறார்கள். அதற்கும் அதே 4 நிமிடம்தான்.

நிறைய நிறுவனங்களில் நடக்கிற கதை இது. இதில் பல நேரம் குற்றவாளி சர்வரும் இல்லை, லைனும் இல்லை. சர்வரிடமிருந்து ஒரு தடவைக்கு எவ்வளவு டேட்டாவை அள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்கிற ஒரு சின்ன எண்தான். அந்த எண்ணுக்கு ஒவ்வொரு டேட்டாபேஸிலும் ஒவ்வொரு பெயர். அது என்ன, எங்கே இருக்கிறது, எவ்வளவு வைத்தால் சரி? பார்க்கலாம்.

அப்படி என்ன செய்கிறது அந்த எண்?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 இலை போட்டாச்சு. பரிமாறுபவர் சமையற்கட்டுக்குப் போய் ஒரு வடை எடுத்து வந்து ஒரு இலையில் வைக்கிறார். திரும்பப் போய் இன்னொரு வடை. சமையற்கட்டு பக்கத்து அறையில் இருந்தால் ஏதோ சமாளித்துவிடலாம். இரண்டு தெரு தள்ளி இருந்தால்? வடை சுடுகிற வேகத்தையோ தெருவின் அகலத்தையோ கூட்டி ஒரு பயனும் இல்லை. தாம்பாளத்தைப் பெரிதாக்க வேண்டும். அவ்வளவுதான்.

டேட்டாபேஸிலும் இதே நடைதான். உங்கள் அப்ளிகேஷன் ஒரு கேள்வி கேட்கிறது. பதிலாக 1 லட்சம் பதிவுகள் வர வேண்டும். பல டேட்டாபேஸ்களில் அவை ஒரே மூச்சில் வருவதில்லை. 'இந்தா முதல் தவணை' என்று சர்வர் கொஞ்சம் அனுப்பும். கிளையன்ட் அதை வாங்கிவிட்டு 'அடுத்தது' என்று கேட்கும். சர்வர் மறுபடி கொஞ்சம் அனுப்பும். இப்படிப் போய் வருகிற ஒவ்வொரு நடைக்கும் ரவுண்ட் ட்ரிப் என்று பெயர். ஒரு நடைக்கு எத்தனை பதிவு என்பதுதான் ஃபெட்ச் சைஸ்.

ஆரக்கிள் டேட்டாபேஸுக்கான ஜாவா டிரைவரில் இது யாரும் மாற்றாதவரை 10. ஆமாம், வெறும் 10 பதிவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

1 லட்சம் பதிவு, நடைக்கு 10 என்றால் 10,000 நடை. சர்வர் ஆபீஸுக்குள்ளேயே இருக்கும்போது ஒரு நடைக்கு அரை மில்லி விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 விநாடி. யாருக்கும் உறுத்தாது.

இப்போது அப்ளிகேஷன் சென்னையில், சர்வர் மும்பை டேட்டா சென்டரில். ஒரு நடைக்கு 25 மில்லி விநாடி என்று எடுத்துக்கொள்வோம். 10,000 நடைக்கு 250 விநாடி. அதாவது 4 நிமிடம் 10 விநாடி. சர்வர் மாறவில்லை, கேள்வி மாறவில்லை, டேட்டா மாறவில்லை. தூரம் மட்டும்தான் மாறியது.

ஃபெட்ச் சைஸை 100 ஆக்கினால் 1,000 நடை, 25 விநாடி. 1,000 ஆக்கினால் 100 நடை, இரண்டரை விநாடி. 5,000 ஆக்கினால் 20 நடை, அரை விநாடி. முதல் மாற்றத்தில் மிச்சமானது 225 விநாடி. கடைசி மாற்றத்தில் மிச்சமானது வெறும் 2 விநாடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, லைன் வேகத்தைக் கூட்டியது ஏன் உதவவில்லை? ஒரு பதிவு 200 பைட் என்றால் 1 லட்சம் பதிவு 20 எம்பி. 100 எம்பிபிஎஸ் லைனில் அது வந்து சேர 1.6 விநாடி போதும். மீதி 250 விநாடியும் லைன் சும்மா இருந்த நேரம். கிளையன்ட் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, பதில் வழியில் வந்துகொண்டிருக்கிறது. லைனை 300 ஆக்கினால் அந்த 1.6 விநாடி அரை விநாடி ஆகும். 250 அப்படியே நிற்கும். மாதாமாதம் கூடுதல் பில் கட்டியதுதான் மிச்சம்.

தூரத்தைக் குறைக்க முடியாதா என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் போகும். சென்னை - மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கி.மீ. போய் வர 2,000. ஆக, எவ்வளவு பணம் கொட்டினாலும் 10 மில்லி விநாடிக்குக் கீழே இறங்க முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதும் இல்லை, நடுவில் எத்தனையோ ரவுட்டர்கள் வேறு. குறைக்க முடிந்தது நடைகளின் எண்ணிக்கையை மட்டும்தான்.

சர்வருக்கும் இதில் வேலை மிச்சம்

இது பலருக்குத் தெரியாத விஷயம். நடை குறைந்தால் நெட்வொர்க்குக்கு மட்டும் லாபம் இல்லை. ஆரக்கிளில் ஒவ்வொரு தவணைக்கும் சர்வர், தான் விட்ட இடத்துக்குத் திரும்பப் போய் அந்த டேட்டா பிளாக்கை மறுபடி எடுத்துப் பார்க்கிறது. 8 கேபி பிளாக் ஒன்றில் 40 பதிவு இருப்பதாக வைத்தால், 1 லட்சம் பதிவுக்கு 2,500 பிளாக். நடைக்கு 10 என்றால், பிளாக்குகளை எடுத்துப் பார்க்கிற எண்ணிக்கை தோராயமாக 2,500 கூட்டல் 10,000. அதாவது 12,500. நடைக்கு 1,000 என்றால் சுமார் 2,600. அதே கேள்விக்கு ஐந்தில் ஒரு பங்கு வேலை!

இன்னொன்றும் உண்டு. ஒரே தவணையில் அடுத்தடுத்து வருகிற பதிவுகளில் ஒரு காலத்தின் மதிப்பு மாறாமல் இருந்தால், ஆரக்கிள் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பாது. 'முந்தையதே' என்று குறிப்போடு முடித்துக்கொள்ளும். மாவட்ட வாரியாக வரிசைப்படுத்திய ரிப்போர்ட்டில் 'திருநெல்வேலி' என்ற சொல் ஆயிரம் தடவை வர வேண்டிய இடத்தில் இது நல்ல மிச்சம். தவணை சின்னதாக இருந்தால் இந்த வசதியும் அடிக்கடி அறுந்துபோகும்.

ஒரே ஊர், ஒவ்வொரு கடையிலும் ஒரு படி

ஆரக்கிளின் ஜாவா டிரைவரில் 10. அதே ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் கருவியில் 'அரே சைஸ்' என்ற பெயரில் 15, அதிகபட்சம் 5,000. பைதானில் இருந்து பேசுகிற ஆரக்கிள் டிரைவரில் 100. அதனால்தான், 'ஜாவா புரோகிராம் மெதுவா இருக்கு, அதே கேள்வியை பைதான்ல போட்டா பறக்குது' என்று சிலர் சொல்லக் கேட்கலாம். மொழிச் சண்டை போடுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது.

போஸ்ட்கிரஸ் நேர் எதிர். அதன் ஜாவா டிரைவரில் ஃபெட்ச் சைஸ் 0. அதாவது, 'எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டு வா'. நடைப் பிரச்சினையே இல்லை. ஆனால் 1 கோடி பதிவு கேட்டால் அந்த 1 கோடியும் உங்கள் அப்ளிகேஷனின் மெமரிக்குள் வந்து உட்காரும். முதல் பதிவைத் தொடுவதற்கு முன்பே 'அவுட் ஆஃப் மெமரி' என்று புரோகிராம் விழுந்துவிடும். சோதனையில் ஆயிரம் பதிவோடு ஓடியது, ஒரு வருடம் கழித்து மாதக் கடைசி இரவில் விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அங்கே ஃபெட்ச் சைஸ் வைத்தால் மட்டும் போதாது. ஆட்டோ கமிட்டை அணைத்திருக்க வேண்டும். ரிசல்ட்டும் முன்னோக்கி மட்டும் போகிற வகையாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் டிரைவர் எரர் எதுவும் காட்டாமல், நீங்கள் வைத்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் முழுவதையும் இழுத்து வந்துவிடும். 'நான்தான் 1,000 வச்சிருக்கேனே' என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஆட்டோ கமிட். பிஎஸ்கியூஎல் கருவியில் இதற்கு 'ஃபெட்ச் கவுன்ட்' என்ற மாறி இருக்கிறது. ஒரு போஸ்ட்கிரஸிலிருந்து இன்னொரு போஸ்ட்கிரஸை இணைக்கும் ஃபாரின் டேட்டா ராப்பரில் ஃபெட்ச் சைஸ் 100. தூரத்து சர்வர் என்றால் இதையும் ஏற்ற மறக்கக் கூடாது.

மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவரும் முழுவதையும் இழுத்து வருகிற ரகம்தான். தவணை முறையில் வேண்டும் என்றால் 'யூஸ் கர்சர் ஃபெட்ச்' என்பதை இணைப்பில் சேர்த்து, பிறகு ஃபெட்ச் சைஸ் வைக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் வழக்கமான கேள்விகளுக்குத் தவணையே பார்ப்பதில்லை. கேட்டதும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டத் தொடங்கிவிடும். 'அடுத்தது' என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கிளையன்ட் மெதுவாகக் குடித்தால் சர்வர் காத்திருக்கும், அவ்வளவுதான். சர்வரின் காத்திருப்புப் பட்டியலில் 'அசிங்க் நெட்வொர்க் ஐஓ' என்பது அதிகமாகத் தெரிந்தால், பெரும்பாலும் அப்ளிகேஷன்தான் ஒவ்வொரு பதிவாக எடுத்து ஏதோ செய்துகொண்டு குழாயை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபெட்ச் சைஸ் வேறு, பிளாக் சைஸ் வேறு

இந்த இடத்தில்தான் குழப்பம் அதிகம். 'பிளாக் சைஸ்' என்ற சொல்லை மூன்று வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

முதலாவது, டிஸ்கில் டேட்டா எழுதப்படுகிற பிளாக். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் வழக்கமாக 8 கேபி, மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் 16 கேபி. நெட்வொர்க் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று யாராவது இதை மாற்றச் சொன்னால், தயவுசெய்து வேண்டாம். டேட்டாபேஸையே புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நாம் இதுவரை பார்த்த ஃபெட்ச் சைஸ். இது பதிவுகளின் எண்ணிக்கை.

மூன்றாவது, டேட்டாவை நெட்வொர்க்கில் அனுப்பும் முன் சர்வர் கட்டுகிற பொட்டலத்தின் அளவு. ஆரக்கிளில் இதற்கு எஸ்டியூ என்று பெயர். வழக்கமாக 8,192 பைட். 12சி பதிப்பிலிருந்து 2 எம்பி வரை ஏற்றலாம். எஸ்கியூஎல் சர்வரில் 'நெட்வொர்க் பாக்கெட் சைஸ்' என்ற பெயரில் 4,096 பைட், அதிகபட்சம் 32,767. டாட் நெட்டிலிருந்து இணைந்தால் டிரைவரே 8,000 என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். இணைப்பு என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் 16,383-க்கு மேல் போக முடியாது.

ஆரக்கிளின் எஸ்டியூ விஷயத்தில் ஒரு பேரம் நடக்கும். கிளையன்ட் ஓர் அளவு சொல்லும், சர்வர் ஓர் அளவு சொல்லும். இரண்டில் சின்னதுதான் செல்லும். சர்வரில் மட்டும் 64 கேபி என்று ஏற்றிவிட்டு கிளையன்ட்டை 8 கேபியிலேயே விட்டால் நடப்பது 8 கேபிதான். மாற்றம் செய்தும் ஒன்றும் மாறவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

முக்கியமான வித்தியாசம்: பொட்டலத்தின் அளவு நடைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. 1,000 பதிவுள்ள ஒரு தவணை, 200 பைட் வீதம் 2 லட்சம் பைட். 8 கேபி எஸ்டியூவில் அது சுமார் 25 பொட்டலம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்துடுச்சா?' என்று சர்வர் கேட்டுக்கொண்டிருக்காது. 25-ஐயும் அடுத்தடுத்து தள்ளிவிடும். பொட்டலத்தைப் பெரிதாக்கினால் கட்டுகிற, பிரிக்கிற வேலை கொஞ்சம் குறையும். பெரிய பெரிய டேட்டா போகிற இடங்களில், உதாரணமாக மொத்தமாக ஏற்றுவது, படங்கள், ஆவணங்கள் அனுப்புவது, அது தெரியும். சாதாரண பில்லிங் சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது. முதலில் ஃபெட்ச் சைஸ், அது சரியான பிறகு எஸ்டியூ. வரிசையை மாற்றினால் நேரம்தான் வீண்.

இதற்கு விதிவிலக்கு ஐபிஎம்மின் டிபி2. அங்கே கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் போகிற பிளாக்கின் பைட் அளவை நேரடியாக வைக்கிறார்கள். 'ஆர்கியூ ரியோ பிளாக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 4,096 முதல் 65,535 பைட் வரை வைக்கலாம். இந்த அளவை ஒரு பதிவின் நீளத்தால் வகுத்தால், ஒரு பிளாக்கில் எத்தனை பதிவு வரும் என்று தெரிந்துவிடும். 32,767 பைட்டை 200-ஆல் வகுத்தால் 163 பதிவு. 65,535 என்றால் 327. ஆக, இங்கே பிளாக்கைப் பெரிதாக்கினால் நடை பாதியாகும்.

ஆனால் டிபி2-வில் இன்னொரு நிபந்தனை. 'இதைப் படிக்க மட்டும்தான் போகிறேன், திருத்த மாட்டேன்' என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால், திருத்துவாரோ என்ற சந்தேகத்தில் டேட்டாபேஸ் மொத்தமாக அள்ளித் தராமல் ஒவ்வொரு பதிவாகக் கொடுக்கக் கூடும். 'ஃபார் ரீட் ஒன்லி' என்று கடைசியில் சேர்ப்பதுதான் அந்த உறுதிமொழி. மூன்று சொல்லைச் சேர்த்ததில் ரிப்போர்ட் வேகமானது என்று யாராவது சொன்னால் அது கட்டுக்கதை இல்லை.

அப்போ 1 லட்சம் வெச்சிடலாமா?

வேண்டாம். தாம்பாளத்தைப் பெரிதாக்கலாம், அண்டாவையே தூக்கி வரக் கூடாது.

முதல் சிக்கல் மெமரி. ஒரு தவணையில் வருவதை எல்லாம் கிளையன்ட் எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். 200 பைட் பதிவு 1,000 என்றால் 200 கேபி. 50 பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் 10 எம்பிதான், பயமில்லை. ஆனால் 11ஜி வரையிலான ஆரக்கிள் ஜாவா டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், அதிகபட்சம் எவ்வளவு வரலாமோ அவ்வளவு இடத்தை முன்பே பிடித்து வைத்துவிடும். அதுவும் ஓர் எழுத்துக்கு 2 பைட். 4,000 எழுத்து கொள்ளும் காலம் 20 இருக்கிற டேபிள் என்றால் ஒரு பதிவுக்கு 1,60,000 பைட். ஃபெட்ச் சைஸ் 1,000 என்றால் ஒரே கேள்விக்கு 160 எம்பி. 50 இணைப்பு என்றால் 8 ஜிபி! அந்தக் காலங்களில் உண்மையில் இருந்தது 'ஆம்', 'இல்லை' என்ற சொற்கள் மட்டுமாக இருந்தாலும் கணக்கு இதுதான். 12சி டிரைவரிலிருந்து இது மாறிவிட்டது. பழைய டிரைவரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் எண்ணை ஏற்றும் முன் டிரைவர் பதிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது, காத்திருப்பு. கவுன்ட்டரில் நிற்கிறவரின் பெயரைத் தேடுகிற திரையில் முதல் 20 பெயர் தெரிந்தால் போதும். அங்கே 5,000 என்று வைத்தால், 5,000 கிடைக்கும் வரை சர்வர் தேடிச் சேர்த்து அனுப்பும். திரை அதுவரை வெறுமையாக நிற்கும். அந்த 4,980 பதிவை யாரும் பார்க்கப் போவதும் இல்லை. கிளவுடிலிருந்து வெளியே போகிற டேட்டாவுக்குக் காசு வாங்குகிற இடங்களில் பில்லும் ஏறும்.

மூன்றாவது, லாபம் தேய்ந்துகொண்டே போவது. மேலே போட்ட கணக்கில் 1,000-லிருந்து 5,000-க்குப் போனதில் கிடைத்தது 2 விநாடி மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் 20 எம்பி வந்து சேர ஆகிற 1.6 விநாடிக்குக் கீழே போகவே போகாது.

என் கணிப்பில், திரையில் காட்டுகிற பட்டியல்களுக்கு ஒரு பக்கத்தில் தெரிகிற அளவு, ரிப்போர்ட்டுகளுக்கு 500 முதல் 1,000 என்று தொடங்குவது நல்லது. அதற்கு மேல் போவதென்றால் அளந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். முழு அப்ளிகேஷனுக்கும் ஒரே எண்ணை வைப்பது சோம்பேறித்தனம். கேள்விக்குக் கேள்வி மாற்றி வைக்கும் வசதி பல டிரைவர்களில் இருக்கிறது.

அனுப்புகிற பக்கத்தையும் பார்க்கணும்

இதுவரை பார்த்தது எடுப்பது. போடுவதிலும் இதே கதைதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். 50,000 பதிவை ஒவ்வொன்றாக இன்சர்ட் செய்தால் 50,000 நடை. 25 மில்லி விநாடி வீதம் 1,250 விநாடி, கிட்டத்தட்ட 21 நிமிடம். 500 பதிவாகச் சேர்த்து பேட்ச் போட்டால் 100 நடை, இரண்டரை விநாடி. ஆட்டோ கமிட் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்க்கில் எழுதி உறுதி செய்கிற நேரமும் சேரும்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு கண்ணி உண்டு. ஜாவாவில் பேட்ச் என்று எழுதினாலும், 'ரீரைட் பேட்ச்டு ஸ்டேட்மென்ட்ஸ்' என்பதை இணைப்பில் இயக்காதவரை டிரைவர் அதை ஒவ்வொன்றாகவே அனுப்பும். அது தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் மொத்தமாக ஏற்ற 'காப்பி' கட்டளை இருக்கும்போது இன்சர்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை.

மைஎஸ்கியூஎல்லிலேயே இன்னொரு எண், 'மேக்ஸ் அலவுட் பாக்கெட்'. இதை வேகத்துக்கான எண் என்று நினைத்து ஏற்றுகிறவர்கள் உண்டு. அது இல்லை. அது வாசல் உயரம் மாதிரி. அதைவிடப் பெரிய சரக்கு வந்தால் உள்ளே விடாது, அவ்வளவுதான். 8.0 பதிப்பில் சர்வர் பக்கம் 64 எம்பி, கமாண்ட் லைன் கிளையன்ட் பக்கம் 16 எம்பி, உச்சம் 1 ஜிபி. ஸ்கேன் செய்த பெரிய ஆவணம் ஏறவில்லை, 1153 என்ற எரர் வருகிறது என்றால் இதுதான். சில நேரம் எரர்கூட நேராக வராது. 'சர்வர் போய்விட்டது' என்று 2006-ஆம் எண் எரர் வரும். சர்வர் எங்கேயும் போகவில்லை, பெரிய பொட்டலத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டு பக்கமும் ஏற்றினால்தான் வழி திறக்கும்.

நடுவில் டிசிபி என்று ஒருவர் இருக்கிறார்

ஃபெட்ச் சைஸ் பெரிதாக வைத்தாயிற்று, இன்னும் வேகம் வரவில்லை என்றால் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். பதில் கிடைக்கும் முன் எவ்வளவு டேட்டாவை வழியில் விடலாம் என்பதற்கு டிசிபி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதுதான் விண்டோ. தொடக்க கால வடிவமைப்பில் இது அதிகபட்சம் 64 கேபி. 25 மில்லி விநாடிக்கு 64 கேபி என்றால் வேகம் சுமார் 21 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ் லைனில் ஐந்தில் நான்கு பங்கு காலியாகக் கிடக்கும்.

அந்த லைனை நிரப்ப எவ்வளவு டேட்டா வழியில் இருக்க வேண்டும்? வேகத்தையும் நடை நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். 100 எம்பிபிஎஸ், 25 மில்லி விநாடி என்றால் சுமார் 312 கேபி. இந்த வரம்பைத் தாண்ட 1992-லேயே விண்டோ ஸ்கேலிங் என்ற வழி வந்துவிட்டது. இன்றைய ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள் தானாகவே சரிசெய்துகொள்கின்றன. அதனால் இதில் நீங்கள் கை வைக்க வேண்டிய தேவை அரிது. யாரோ எப்போதோ டேட்டாபேஸ் கான்ஃபிகரேஷனில் பஃபர் சைஸை ஒரு சின்ன எண்ணில் பூட்டி வைத்திருந்தால் மட்டும் அதைத் திறந்துவிட வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். முதலில் அப்ளிகேஷன் ஓடுகிற கணினியிலிருந்து சர்வருக்கு ஒரு பிங். ஒரு நடைக்கு எத்தனை மில்லி விநாடி என்று தெரிந்துவிடும். பிறகு எத்தனை நடை என்பது. ஆரக்கிளில் எஸ்கியூஎல் பிளஸ்ஸில் ஆட்டோட்ரேஸைப் போட்டால், கேள்வி முடிந்ததும் 'ரவுண்ட் ட்ரிப்ஸ் டு ஃப்ரம் கிளையன்ட்' என்ற வரியில் எண்ணிக்கை தெரியும். இரண்டையும் பெருக்குங்கள். வருகிற விடை ரிப்போர்ட் எடுத்துக்கொள்கிற நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபெட்ச் சைஸ்தான் பிரச்சினை. ரொம்பக் குறைவாக இருந்தால் கோளாறு வேறு எங்கோ, இண்டெக்ஸிலோ கேள்வியிலோ.

சர்வரை மாற்றுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. லினக்ஸில் 'நெட்எம்' என்ற வசதியால் ஆபீஸ் நெட்வொர்க்கிலேயே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 25 மில்லி விநாடி தாமதத்தைச் செயற்கையாகச் சேர்க்கலாம். அந்தத் தாமதத்தோடு ஒரு நாள் அப்ளிகேஷனை ஓட்டிப் பார்த்தால், கிளவுடுக்குப் போன பிறகு எந்தத் திரையில் வாடிக்கையாளர் வரிசையில் நிற்பார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மாற்றலுக்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் மசியாத ஒரு வகை இருக்கிறது. 2,000 பில்களின் பட்டியலை ஒரு கேள்வியில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்கிற புரோகிராம். மொத்தம் 2,001 கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒரே ஒரு பதிவு. ஃபெட்ச் சைஸ் 10 இருந்தால் என்ன, 10,000 இருந்தால் என்ன, நடை 2,000-க்குக் குறையாது. 25 மில்லி விநாடி வீதம் 50 விநாடி. ஆவணங்களையும் படங்களையும் வைக்கிற லாப் காலங்களிலும் இதே மாதிரி நடக்கலாம். டிரைவர் முதலில் முகவரியை மட்டும் கொண்டு வந்துவிட்டு, ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாக ஒரு நடை போகும். லாப் காலங்களுக்கு டிரைவரில் இருக்கும் ப்ரீஃபெட்ச் அளவை ஏற்றிப் பார்க்கலாம். பில் பட்டியலுக்கு அந்த வழியும் இல்லை. இரண்டு டேபிளையும் ஜாயின் போட்டு ஒரே கேள்வியாக எழுதச் சொல்லி புரோகிராமரிடம்தான் போய் நிற்க வேண்டும்.